தரை காணாத கால்

அத்தியாயம் 14

சட்டையை ஊற வைக்கும் முன்னால் பாக்கெட்டைத் தடவிப் பார்க்கிற பழக்கம் சுஜாதாவுக்கு உண்டு. கட்டிய புருஷனுக்கு அது தெரியாதா? தெரிந்தும் அந்தச் சீட்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான் பாருங்கள் பரணிதரன், அவனை என்னவென்று சொல்வது! நாலாக மடித்த அங்கன்வாடிச் சீட்டு. 'வேதஸ்ரீ, வயது பதினேழு மாதம். இன்னும் நடக்கவில்லை. செங்கல்பட்டில் குழந்தை டாக்டரிடம் காட்டவும்.' கீழே டீச்சரின் கையெழுத்து. அந்த டீச்சர் வேறு யாருமில்லை, பரணியின் கூடப் பிறந்த அக்கா தமிழ்ச்செல்விதான்.

சீட்டைப் படித்துவிட்டுச் சுஜாதா கத்தியிருந்தால் பரணி நிம்மதியாக இருந்திருப்பான். அவள் கத்தவில்லை. மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிற வேலை அவளுக்கு. ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரம் இரும்பு வளையங்கள் அவள் கை வழியாகப் போகும். கீறல் விழுந்ததை விரலாலேயே கண்டுபிடித்துச் சத்தமில்லாமல் தனியாக எடுத்து வைத்துவிடுவாள். சீட்டையும் அப்படித்தான் அலமாரியில் எடுத்து வைத்தாள்.

"சனிக்கெழம லீவு சொல்லிட்டேன். போலாம்" என்றாள். அவ்வளவுதான்.

அதோடு விட்டாளா? நேற்று ராத்திரி அரக்கோணத்தில் இருக்கிற அம்மாவுக்கு ஒரு போன். "ஞாயித்துக்கெழம காலைல வரேன். கொழந்தய எங்கிட்ட குடு. ஆறு மாசம் நான் வச்சிக்கினு நடக்க வச்சி அனுப்பறேன்" என்று மாமியார் சொன்னது, அடுப்படியில் பால் ஆற்றிக்கொண்டிருந்த பரணியின் காதிலும் விழுந்தது. சுஜாதா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "நாளைக்கு டாக்டரப் பாத்துட்டு சொல்றேம்மா" என்றாள்.

அந்த நாளைதான் இன்று.

பரணி குழந்தையைக் குளிப்பாட்டுகிற அழகை ஒரு தடவை பார்க்க வேண்டும். பலகையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, முழங்காலுக்குக் கீழே வேதஸ்ரீயைக் கிடத்திக்கொள்வான். முழங்கையை விட்டுத் தண்ணீரின் சூடு பார்ப்பான். கண்ணில் போகாதபடி நெற்றியில் கையை அணை கட்டி ஊற்றுவான். கழுத்து மடிப்பு, தொடை மடிப்பு, காது மடலுக்குப் பின்னால் என்று ஒரு இடத்தை விடமாட்டான். பத்துப் பிள்ளை பெற்றவள்கூட இவ்வளவு நறுவிசாகச் செய்வாளா என்பது சந்தேகம்தான்.

பிரசவ விடுப்பு முடிந்து சுஜாதா வேலைக்குக் கிளம்பியபோது, "பகல்ல நான் பாத்துக்கறேன் சுஜா, சாயங்காலமும் ஞாயித்துக்கெழமையும் வண்டி ஓட்டிக்கறேன்" என்று தானாக முன்வந்து சொன்னவன் அவன். மாமல்லபுரம் பார்க்க வருகிறவர்களை ஏற்றிச் சுற்றுகிற சொந்தக் கார் அவனுடையது. நல்ல வரும்படி வருகிற பகல் சவாரியை விட்டுவிட்டு ஒரு ஆம்பிளை வீட்டில் குழந்தைக்கு மாவு கரைப்பதைத் திருக்கழுக்குன்றமே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டுமே!

குளித்து முடித்ததும் குழந்தை நேரே அவன் இடது இடுப்புக்கு ஏறியது. அங்கேயே துவட்டல், அங்கேயே பவுடர், அங்கேயே கவுன். கடைசியாக இரண்டு காலுக்கும் மஞ்சள் சாக்ஸ்.

துண்டோடு நின்றிருந்த சுஜாதா கேட்டாள்: "வூட்டுக்குள்ளதான கீறா, சாக்ஸ் எதுக்குங்க?"

"தரை ஜில்லுன்னு கீது சுஜா."

"தரைல எப்ப வுட்டீங்க, ஜில்லுன்னு படறதுக்கு?"

பரணி கேழ்வரகுக் கஞ்சியை ஆற்றுவதில் மும்முரமானான். வேதஸ்ரீ தன் வழக்கப்படி அவன் இடது காதைக் கைப்பிடி மாதிரி பிடித்துக்கொண்டு, ஜன்னலில் காக்கா தெரிந்தபோதெல்லாம் வாயைத் திறந்தாள். எட்டுப் பல்லும் தெரியத் திறந்தாள். ஒன்பது மாதமாக இழுபட்டு இழுபட்டு அந்த இடது காது வலது காதைவிடச் சிவந்துதான் இருக்கும்.

குழந்தை அந்த இடுப்பை விட்டு இறங்கியதே இல்லை. தாளிக்கும்போதும் இடுப்பில், ரேஷன் கடை வரிசையிலும் இடுப்பில், கார் துடைக்கும்போதும் இடுப்பில். "பரணிக்கு இடுப்புல கொழந்த மொளைச்சிகினு வந்துச்சுப்பா" என்று எதிர் டீக்கடை சின்னையன் சொல்லாத நாளில்லை. ராத்திரி மட்டும் தரையில் விரித்த பஞ்சு மெத்தையில் விடுவான். அங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மெத்தையின் விளிம்புக்கு வந்தால் போதும், ஓடி வந்து தூக்கிவிடுவான். அவன் சவாரி போன நேரத்தில் சுஜாதா தரையில் இறக்கினாலும், பழக்கதோஷம், காலை மடக்கிக்கொண்டு அவள் மடிக்கே ஏறும்.

பாசம் என்றுதான் சுஜாதா நினைத்தாள். பாசம்தான். ஆனால் பாசம் மட்டுமில்லை என்பது இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

அந்த இரண்டாவது ஆள், கார் கிளம்புகிற நேரத்துக்குச் சரியாக வாசல் கேட் பக்கம் வந்து நின்றாள். தமிழ்ச்செல்வி. கையில் ஒரு டப்பா நிறைய வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு.

"போற வழில பாப்பாவுக்கு மசிச்சுக் குடு சுஜாதா" என்று நாத்தனார் முறைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பின் கதவைத் திறக்கிற சாக்கில் தம்பியின் பக்கம் வந்தாள்.

"டேய் பரணி. டாக்டர் கேட்டா சொல்லிடு."

"அக்கா, சும்மா இரு."

"அன்னிக்கு வாய மூடுன்னு சொன்னவ நான்தான். இன்னிக்கு தொறன்னும் நான்தான் சொல்றேன். கொழந்த வெசயம்டா. வெளையாட்டு இல்ல."

"சொன்னா இவ பொண்ணத் தூக்கி அவங்கம்மா கைல குடுத்துடுவாக்கா. அப்புறம் நான் யாருக்கு கஞ்சி காச்சறது?"

 தமிழ்ச்செல்வி சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"கேளு. முப்பது கொழந்தய மேய்க்கறவ சொல்றேன். கொழந்த கீழ வுழுந்தா ஒடனே அழாது. மொதல்ல நம்ம மூஞ்சியப் பாக்கும். நாம பதறுனோம்னு வையி, அப்பதான் அழும். ஒன்பது மாசமா அது ஒம் மூஞ்சியப் பாத்துகினு கீது. நீ பதறிகினே கீற."

"இன்னா ரகசியம் அங்க?" என்று உள்ளிருந்து சுஜாதா கேட்டாள்.

"ஒன்னுமில்லம்மா. வண்டிய மெதுவா ஓட்டுன்னேன்."

கார் செங்கல்பட்டு ரோட்டில் ஏறியது. மலைக்கோயில் பின்னால் போயிற்று. கம்பெனி பஸ்கள் எதிரே வந்தன. பின் சீட்டில் சுஜாதாவின் மடியில் வேதஸ்ரீ, முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு "ப்பா... ப்பா..." என்று அவன் காதைத் தேடியபடி வந்தாள். சுஜாதா அவளை மெல்ல நிறுத்திப் பார்த்தாள். கால் சீட்டில் பட்டதும் குழந்தை இரண்டு முழங்காலையும் மடக்கிக்கொண்டு தொங்கியது. மறுபடி நிறுத்தினாள். மறுபடி மடக்கியது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டிய பரணி, அதற்கப்புறம் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினான்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று உங்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன்.

குழந்தைக்கு எட்டு மாதம். சுஜாதாவின் தாய் வீட்டுச் சீராக வந்த தேக்குக் கட்டில். அதில் குழந்தையைக் கிடத்தி, இரண்டு பக்கமும் தலையணையை அணை கொடுத்துவிட்டு, பரணி போன் பேச ஹாலுக்குப் போனான். நாளைக்கு நாலு பேர் மாமல்லபுரம் பார்க்க வேண்டும், வண்டி உண்டா என்று கேட்டார்கள். இரண்டே நிமிஷம். தலையணையைத் தாண்டுகிற வித்தையை வேதஸ்ரீ அன்றைக்குப் பார்த்தா கற்றுக்கொள்ள வேண்டும்! தொப்பென்று ஒரு சத்தம். அதற்கப்புறம் சத்தமே இல்லாத ஒரு நொடி. அந்த நொடி இன்றைக்கும் அவனுக்குள் அப்படியே இருக்கிறது.

செருப்புக்கூடப் போடாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் ஓடினான். இருவருமாகப் பக்கத்து டாக்டரிடம் ஓடினார்கள். அவர் பார்த்துவிட்டு, பின் மண்டையில் லேசான வீக்கம்தான், வாந்தி வருகிறதா, ரொம்பத் தூங்குகிறதா என்று மட்டும் ஒரு நாள் கவனியுங்கள் என்றார். ஒன்றும் வரவில்லை. சாயங்காலம் வீக்கமும் வடிந்துவிட்டது. "சுஜாதாகிட்ட சொல்லாதடா. இப்பதான் வேலைக்குப் போவுது. பஸ்ல அழுதுகினே போவுதாம். இது வேற தெரிஞ்சா வேலைய வுட்டுடும்" என்றாள் தமிழ்ச்செல்வி. நல்லதுக்குத்தான் சொன்னாள்.

மறுநாளே பரணி கட்டிலைக் கழற்றி மாடியில் போட்டுவிட்டான். "மூட்டப்பூச்சி சுஜா" என்றான். அவளும் நம்பிவிட்டாள். அன்றைக்கு இடுப்பில் ஏறின குழந்தைதான், இன்னும் இறங்கவில்லை.

டோக்கன் வாங்கிக் காத்திருந்து, அவர்கள் முறை வரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. குழந்தை டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. மேஜையை விட்டு எழுந்து வந்து, தரையில் விரித்த பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"வாங்க மேடம், நீங்க இப்படி வாங்க" என்று வேதஸ்ரீயைத்தான் கூப்பிட்டார்.

நாடா வைத்துத் தலையை அளந்தார். ஒரு சாவிக்கொத்தைக் குலுக்கி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் காட்டினார். இரண்டு கையையும் பிடித்து எழுப்பி உட்கார வைத்தார். தொடையை மடக்கி, விரித்து, முழங்காலைத் தட்டிப் பார்த்தார். வேதஸ்ரீக்குச் சாவிக்கொத்து பிடித்துவிட்டது. திருப்பித் தர மறுத்துவிட்டாள்.

"என்ன பேசறா?"

"ப்பா, காக்கா, தா. வேணாம்னா தலைய ஆட்டுவா" என்றான் பரணி.

"அம்மா?"

"ஞாயித்துக்கெழம மட்டும் சொல்லுவா டாக்டர்" என்றாள் சுஜாதா. சிரித்துக்கொண்டே சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

டாக்டர் குழந்தையைத் தூக்கிப் பாயில் நிறுத்தினார். கால் மடங்கியது. சாக்ஸைக் கழற்றினார். பாதத்தை உள்ளங்கையில் ஏந்திக் கட்டை விரலால் மெல்லத் தடவினார். அப்புறம் நிமிர்ந்து பரணியைப் பார்த்தார்.

"பன்னு மாதிரி இருக்கே! பதினேழு மாசத்துக் குழந்தையோட பாதமா இது? இந்தக் கால் தரையைப் பார்த்து எத்தனை நாளாச்சு?"

பரணி கழற்றிய சாக்ஸை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

டாக்டர் நோட்டை எடுத்துக்கொண்டார். "எப்பவாவது கீழ விழுந்திருக்காளா? தலையில அடி ஏதாவது?"

"இல்ல டாக்டர்" என்றாள் சுஜாதா உடனே. "ஒரு வாட்டிகூட இல்ல. இவர் கீழயே வுடமாட்டார். பொம்பளைங்ககூட இப்படிப் பாத்துக்கமாட்டாங்க. எங்க கம்பெனில எல்லார்கிட்டயும் நான் பெருமையா சொல்லுவேன்."

கொஞ்ச நாளாகச் சரியாக முகம் கொடுக்காத பெண்டாட்டி, அவனுக்காக டாக்டரிடம் பரிந்து பேசுகிறாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. டாக்டரின் பேனா 'இல்லை' என்று எழுதப் போயிற்று.

"இருங்க டாக்டர்" என்றான் பரணி. "வுழுந்தா."

சுஜாதா திரும்பினாள்.

"எட்டு மாசத்துல. கட்டில்லேர்ந்து. நான்தான் போன் பேசிகினு இருந்தேன்."

எல்லாவற்றையும் சொன்னான். தலையணை, தொப்பென்ற சத்தம், அக்கா, டாக்டர், பின் மண்டை வீக்கம் எதையும் விடவில்லை. டாக்டர் நடுவில் நறுக்கென்று கேட்டார்: எவ்வளவு உயரம், உடனே அழுதாளா, மயக்கம் வந்ததா, வாந்தி, ஜன்னி? ஒவ்வொன்றுக்கும் அவன் மணி நேரத்தோடு பதில் சொன்னான். ஒன்பது மாதமாகத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்த பதில்கள் அல்லவா!

சுஜாதா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்ப மூட்டப்பூச்சி?"

"பொய்" என்றான்.

டாக்டர் மறுபடி ஒரு தடவை தலையைத் தடவி, கண்ணில் வெளிச்சம் அடித்து, கை கால்களை நிதானமாகப் பார்த்தார். அறையில் சாவிக்கொத்துச் சத்தம் மட்டும் கேட்டது.

"சொன்னது நல்லதாப் போச்சு. இப்ப எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த விழுந்ததுக்கும் இவ நடக்காததுக்கும் சம்பந்தம் தெரியலை. மூளை, இடுப்பு எலும்பு, கால் பலம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நடக்கறதுக்குச் சில பிள்ளைங்க பதினெட்டு மாசம்கூட எடுத்துக்கும். ஆனா ஒண்ணு..." என்று பரணியின் பக்கம் திரும்பினார். "விழுந்தது அவ, பயந்தது நீங்க. அந்தப் பயத்துல பிள்ளைக்குத் தரையே இல்லாமப் பண்ணிட்டீங்க. எந்த இடுப்புல தூக்குவீங்க?"

"எடது."

"அதுக்கு ரிட்டயர்மென்ட் குடுத்துடுங்க. சாக்ஸ் வேணாம், ஷூ வேணாம், சக்கரம் வச்ச வாக்கர் வாங்கவே வாங்காதீங்க. வெறுங்காலோட தரையில, மண்ணுல, புல்லுல விடுங்க. கூரா எதுவும் இல்லாம பாத்துக்கங்க, பக்கத்துல இருங்க. ஆனா தூக்காதீங்க. விழட்டும். ரெண்டு வாரம் கழிச்சு எனக்குக் காட்டுங்க. அப்பவும் ஒரு மாற்றமும் இல்லைன்னா மேல என்னன்னு பார்ப்போம்."

சாவிக்கொத்தை வாங்குவதற்குள் டாக்டருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

கார் ஊர்ப் பக்கம் திரும்பியது. கொளவாய் ஏரி போயிற்று, பாலம் போயிற்று. பரணி கண்ணாடியைப் பார்த்தான். சுஜாதா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை மட்டும் குழந்தையின் பின் மண்டையைத் தடவிக்கொண்டே இருந்தது. இப்போது போய் அங்கே எந்த வீக்கத்தைத் தேடுகிறாளோ!

திருக்கழுக்குன்றம் வந்தது. அவர்கள் தெரு முனையில் அவன் வண்டியைத் திருப்பப் போனான்.

"நேரா போங்க."

"எங்க சுஜா?"

"மண்ணுல வுட சொன்னாங்கல்ல டாக்டரம்மா. எங்க நெறைய மண்ணு கீதோ அங்க போங்க."

மாமல்லபுரம் ரோட்டில் பாதி தூரம் போன பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"வுழுந்ததுக்கு எனக்குக் கோவம் இல்லீங்க. எங்கிட்ட இருந்திருந்தாலும் வுழுந்திருப்பா. கொழந்தன்னா வுழத்தான் செய்யும்."

"சுஜா..."

"நான் பேசிக்கறேன். எங்க கம்பெனில ஒரு பீஸு கை தவறிக் கீழ வுழுந்துச்சுன்னா அதுல ஒரு மஞ்ச சீட்டு ஒட்டித்தான் அனுப்பணும். பாத்தா நல்லாத்தான் கீது, ஒரு கீறலும் இல்ல. ஆனாலும் ஒட்டுவோம். அடுத்து அத கைல எடுக்கறவன் தெரிஞ்சி எடுக்கணும் இல்லியா? இரும்புக்கே ஒட்டறோம். எம் பொண்ணுக்கு நீங்க ஒட்டலியே. ஒன்பது மாசமா ஒன்னும் தெரியாமத்தான நான் அவளத் தூக்கிகினு இருந்தேன்."

சொல்லிவிட்டு அழுதாள். பரணி வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"நீ வேலைய வுட்டுடுவன்னு பயந்துட்டேன்."

"வுடறதா வேணாமான்னு நான்தான முடிவு பண்ணணும்? நீங்களும் உங்க அக்காவும் சேந்து எனக்குப் பதிலா முடிவு பண்ணிட்டீங்க."

 தப்பு தப்புதான். "மன்னிச்சிடு சுஜா" என்று மட்டும் சொன்னான். அவள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வண்டிய எடுங்க, வெய்யில் எறங்குது" என்றாள்.

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயில் பக்கத்துக் கூட்டத்தை விட்டுத் தள்ளி, படகுகள் ஏற்றிப் போட்டிருந்த பக்கமாக இறங்கினார்கள். வெயில் தாழ்ந்திருந்தது. மணல் வெதுவெதுப்பாக இருந்தது. சுஜாதா மணலைக் கையால் அளைந்து, ஒரு கிளிஞ்சல் துண்டையும் ஒரு பாட்டில் மூடியையும் பொறுக்கி எறிந்தாள். வேதஸ்ரீயை வெறுங்காலோடு இறக்கினாள்.

அம்மாடி, என்ன அலறல்! கால் விரல் பத்தையும் பூனை மாதிரி சுருக்கிக்கொண்டு, இரண்டு கையையும் பரணியை நோக்கி நீட்டிக்கொண்டு, ஊரே கூடும்படி அழுதாள். "ப்பா! ப்பா!" அவன் கை தானாக நீண்டது.

"தூக்காதீங்க."

"சுஜா, கொஞ்சம் பழக்கிட்டு..."

"ரெண்டடி பின்னால போங்க."

போனான். குழந்தை தொப்பென்று உட்கார்ந்தது. அந்தத் தொப் சத்தம் கேட்டதும் அவன் முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று. வேதஸ்ரீ அந்த முகத்தைப் பார்த்தாள். பார்த்த பிறகுதான் உதட்டைப் பிதுக்கி இன்னும் பெரிதாக அழுதாள். அக்கா சொன்னது அப்படியே பலித்தது. பரணிக்கே வெட்கமாகப் போயிற்று. ஒன்பது மாதமாக இவளை அழ வைத்தது தரையா, தன் மூஞ்சியா?

அழுகை எவ்வளவு நேரம்தான் தாங்கும்? யாரும் தூக்கவில்லை என்று தெரிந்ததும் சுதி குறைந்தது. கையில் ஒட்டின மணலைப் பார்த்தாள். வாயில் வைத்தாள். துப்பினாள். சுஜாதா அவள் நாக்கைத் துடைத்துவிட்டாள். மறுபடி வைத்தாள், மறுபடி துப்பினாள். ஒரு நண்டு ஓடியது. "காக்கா!" என்றாள்.

கால் மணி நேரம் போயிருக்கும். பக்கத்துப் படகின் விளிம்பைப் பிடித்து எழுந்தாள். பாதம் மணலில் புதைந்தது. குனிந்து தன் காலைக் காணவில்லையே என்று பார்த்தாள். ஒரு காலைப் பிடுங்கினாள், ஐந்து விரலும் வந்தது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது சுஜாதாவின் போன் அடித்தது. திரையில் 'அம்மா'. அவள் எடுக்கவில்லை. ஏனென்றால் வேதஸ்ரீ படகை விட்டிருந்தாள். இரண்டு கையையும் அந்தரத்தில் விரித்துக்கொண்டு, லேசாக ஆடிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் நின்றாள்.

பரணி கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொண்டான்.

வலது கால் வந்தது. மணலில் ஊன்றியது. இடது கால் பாதி வந்தது. அவ்வளவுதான், குப்புற விழுந்தாள்.

மூக்கெல்லாம் மணலாகத் தலையைத் தூக்கி, நேரே அவன் முகத்தைப் பார்த்தாள்.

பரணி சிரித்தான். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டப் பல்லைக் காட்டிச் சிரித்தான். "வுழுந்துட்டியா? எழுந்துரு, எழுந்துரு!" என்றான்.

வேதஸ்ரீ கொஞ்சம் யோசித்தாள். உதடு பிதுங்கலாமா என்று பார்த்தது. அப்புறம் எட்டுப் பல்லையும் காட்டினாள்.

சுஜாதா ஒரு நிமிஷம் இருவரையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு போனை எடுத்து யாரையோ கூப்பிட்டாள். அம்மாவை என்றுதான் பரணி நினைத்தான்.

"அண்ணி" என்றாள் சுஜாதா. அந்தப் பக்கம் தமிழ்ச்செல்வி. "எல்லாம் தெரியும். அதப் பத்தி அப்புறம் பேசலாம், பேசாம வுடமாட்டேன். இப்ப ஒன்னு கேக்கணும். கொழந்த மொதல்ல நடந்தா அத்தக்காரிதான் கொழுக்கட்ட அவிக்கணும்னு சொல்லுவீங்களே. ஒன்ற அடிக்கு உண்டா?"

என்ன பதில் வந்ததோ, போனில் அழுகைச் சத்தம் மட்டும் வெளியே கேட்டது.

"உண்டுன்னா அரிசிய ஊறப் போடுங்க" என்று சொல்லிச் சுஜாதா போனை வைத்தாள்.

பரணி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இடது கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஒன்பது மாதம் கழித்து இரண்டு கையும் சும்மா இருந்தன.

"அப்ப பாப்பாவ அரக்கோணம் அனுப்பலியா?"

"அத நான் இன்னும் யோசிக்கல" என்றாள் சுஜாதா. கோபம் போய்விட்டது என்று அவனும் நினைத்துவிடக் கூடாது, நாமும் நினைத்துவிடக் கூடாது.

மறுபடி போன் அடித்தது. 'அம்மா'. சுஜாதா அதை அவனிடம் நீட்டினாள்.

"நீங்களே பேசுங்க."

"நானா? இன்னான்னு?"

"கட்டிலு அவங்க வாங்கிக் குடுத்தது. அது எதுக்கு மாடில கெடக்குதுன்னு அவங்களுக்கும் தெரியணும். டாக்டர்கிட்ட சொன்னா மாதிரி ஒன்னு வுடாம சொல்லுங்க. அதுக்கப்புறம் பொண்ணக் குடுங்கன்னு அவங்க கேட்டா, பதில் நான் சொல்றேன்."

என்ன பதில் என்று அவள் சொல்லவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. பரணி அதை இடது கையால் வாங்கினான்.

"அத்தே... நான் பரணி பேசறேன். உங்ககிட்ட ஒன்னு சொல்லணும்."

மணலில் கையை ஊன்றி எழ முயன்றுகொண்டிருந்த வேதஸ்ரீ, அப்பாவின் குரல் நடுங்குவதைக் கேட்டு நிமிர்ந்தாள். வழக்கம்போல அவன் முகத்தைத்தான் பார்த்தாள்.

பரணி முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டு, சொல்ல ஆரம்பித்தான்.